ஐந்தாம் வகுப்பில் சொல்ல வேண்டியதை எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்

கரும்பலகை | ஞாயிறு, இரவு 9:12

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றிய பாடத்தை நடத்தினேன். பையன்கள் குனிந்து சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். மணி அடிக்கும்வரை ஒரு குரல் வரவில்லை.

மறுநாள் ஒரு காலிச் செருப்புப் பெட்டியின் மூடியில் துளை போட்டு, பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருக்கும் ஜன்னல் திண்டில் வைத்தேன். "பெயர் எழுத வேண்டாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்தால் இடது கையால் எழுதுங்கள்" என்று ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்பிலும் சொன்னேன். நான்கு நாளில் பெட்டி நிரம்பிவிட்டது. பாதிச் சீட்டுகள் இடது கையால் எழுதியவை.

சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"வெள்ளைப்படுவது எலும்பு உருகி வருவதா? பாட்டி அப்படித்தான் சொல்கிறார். நான் இளைத்துக்கொண்டே போகிறேன்."

"இரண்டு மாதமாக வரவில்லை. திருவிழாவில் ஒரு பையன் கையைப் பிடித்தான். எனக்குக் குழந்தை உண்டாகியிருக்குமா?"

"எனக்கு 15 முடிந்துவிட்டது. இன்னும் வயதுக்கு வரவில்லை. சித்தி எல்லார் முன்பும் கேட்கிறார். நான் பெண்தானா?"

"வலி மாத்திரை போட்டால் பின்னால் குழந்தை பிறக்காதா?"

"அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடம் வராமல் இருக்க ஏதாவது காரணம் சொல்லிக்கொடுங்கள் டீச்சர்."

எல்லாவற்றுக்கும் மேலாக என்னைத் தூங்கவிடாத சீட்டு இது: "முதல் தடவை இரத்தம் வந்தபோது எனக்குப் புற்றுநோய் என்று நினைத்தேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாகப்போகிறேன் என்று தம்பிக்கு என் கலர் பென்சில்களைக் கொடுத்துவிட்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பு."

ஐந்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை சாவுக்குத் தயாராகியிருக்கிறாள். நான் எட்டாம் வகுப்பில் வந்து கருப்பையின் படம் வரைகிறேன். பத்தாம் வகுப்பில்தான் இனப்பெருக்கப் பாடம் முழுதாக வருகிறது. பத்து வயதிலேயே சிலர் பூப்படைந்துவிடுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு பன்னிரண்டு, பதிமூன்றில் நடந்துவிடுகிறது. நடப்பதற்கு முன்னால் ஒருவரும் சொல்வதில்லை. நடந்த பிறகு சொல்வதும் தீட்டு, தூரம், தனித்தட்டு என்பதுதான்.

இந்தச் சீட்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பேச நினைக்கிறேன். தலைமை ஆசிரியர் தடுக்கவில்லை, ஆனால் "பெற்றோர் வந்து கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். மருத்துவம் தெரிந்தவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள் வழிகாட்டுங்கள்.

---

ஊர்ச்செவிலி | ஞாயிறு, இரவு 10:05

டீச்சர், அந்த எலும்பு உருகுகிற கேள்வியை நான் இருபது வருடமாக வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் மட்டும் இல்லை, பேரன் பேத்தி எடுத்தவர்களும் கேட்கிறார்கள். எலும்பு உருகுவதில்லை. கண்ணில் நீர் இருப்பதுபோல, வாயில் உமிழ்நீர் இருப்பதுபோல அந்த இடமும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு நீரைச் சுரக்கிறது. பூப்படைவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே அது தொடங்கிவிடும். நிறமில்லாமலோ வெண்மையாகவோ இருந்து, நாற்றமும் அரிப்பும் இல்லையென்றால் அது உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். தயிர்போலத் திரிந்து அரித்தால், பச்சை மஞ்சளாகி நாற்றம் அடித்தால், அது தொற்று. அதற்கு மாத்திரை இருக்கிறது. சோப்புப் போட்டு உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும், தண்ணீரே போதும்.

இளைத்துப்போகிறாள் என்றால் வேறு காரணம் இருக்கும். அந்தப் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் எங்களிடம் அனுப்புங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவர். எலும்பு உருகுகிறது என்று அழுகிற பிள்ளைக்கு உண்மையில் குறைவது இரும்பு.

வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் எங்கே போடுகிறார்கள் தெரியுமா? ஜன்னலுக்கு வெளியே. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். மதிய உணவுக்குப் பிறகு உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். கறுப்பாகப் போவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஏதாவது கூடச் சாப்பிட்டால் இரும்பு நன்றாக ஒட்டும்.

---

மகப்பேறு மருத்துவர் | திங்கள், காலை 6:30

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் தருகிறேன். நீங்கள் அப்படியே வகுப்பில் வாசிக்கலாம்.

இரண்டு மாதம் வராத பிள்ளை: கையைப் பிடிப்பதாலும், பக்கத்தில் உட்காருவதாலும், முத்தம் கொடுப்பதாலும் கருத்தரிப்பு நடக்காது. ஆணின் விந்தணு பெண்ணுறுப்பு, கருப்பை வழியே சென்று கருமுட்டையைச் சேர்ந்தால்தான் கரு உண்டாகும். இந்த ஒரு வாக்கியத்தை நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் பிள்ளைகள் பாதியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள், அதில்தான் பயமும் தவறும் பிறக்கிறது. பூப்படைந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் ஒழுங்கு இன்னும் படியவில்லை. அதனால் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் அழைத்து வாருங்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்துவிட்டு 'நீர்க்கட்டி' என்று பெயர் சூட்டி அனுப்புகிறார்கள். அந்த வயதில் சினைப்பையில் சிறு குமிழ்கள் நிறையத் தெரிவது இயல்பு. ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கல்யாணம்வரை தூங்காத தாய்மார்களைப் பார்க்கிறேன்.

15 முடிந்தும் வராத பிள்ளை: அவள் பெண்தான், அதை முதலில் சொல்லுங்கள். ஆனால் காத்திருக்க வேண்டாம். 15 வயது முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றாலும், 13 முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும் பரிசோதனை தேவை. காரணங்கள் பல. எடை குறைவு, தைராய்டு, சில சமயம் கன்னித்திரையில் துளை இல்லாததால் இரத்தம் உள்ளேயே தேங்குவது. மாதம் ஒருமுறை அடிவயிறு வலித்து இரத்தம் மட்டும் வராமல் இருந்தால் இது அவசரம். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

வலி மாத்திரை: குழந்தைப் பேற்றைக் கெடுக்காது. மெஃபெனாமிக் அமிலம் போன்றவை, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில், வலி தொடங்கும்போதே போட்டால்தான் பலன் அதிகம். மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் படுத்துக்கிடக்கும் பிள்ளையிடம் "எல்லாருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் நோய் இருக்கலாம். அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம்.

இன்னொன்று, யாரும் சீட்டில் எழுதியிருக்கமாட்டார்கள், ஆனால் நடக்கிறது. கோயில் திருவிழா, வீட்டில் விசேஷம், தேர்வு என்று பிள்ளைக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். அது ஹார்மோன். நாளங்களுக்குள் இரத்தம் எளிதில் உறைந்துவிடும் தன்மை உள்ள பிள்ளைக்கு ஆபத்தாக முடியும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

---

இருமகள்தாய் | திங்கள், பகல் 11:47

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஏழாவது, சின்னவள் நான்காவது. உங்கள் நல்ல எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யாரோ ஒருவர் வாசிக்கப்போகிறார் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. தெரியாதவரை பயந்து ஒதுங்கி இருப்பார்கள். தெரிந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடாதா? கைப்பேசியில் கண்டதையெல்லாம் பார்க்கிற காலம் இது. நாங்கள் எல்லாம் எதையும் கேட்காமல்தான் வளர்ந்தோம், குடும்பம் நடத்தினோம்.

---

நெசவாளன் | திங்கள், மாலை 7:20

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் கதையைச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டுகிறேன். மனைவி இறந்து ஆறு வருடம். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் ஆளானபோது வீட்டில் நானும் என் அப்பாவும்தான். காலையில் எழுந்தவள் போர்வையைவிட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டாள். அதுவரை என் கையைத் தட்டிவிட்டதே இல்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வந்தேன். அவர் உள்ளே போய்விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என் வீட்டு வாசலில், என்ன நடக்கிறது என்று தெரியாமல், தெரிந்தும் கேட்கக்கூடாதவனாக நின்றேன்.

அதன் பிறகு கற்றுக்கொண்டேன். சுகாதார நிலையத்து அக்காவிடம் கேட்டேன், படித்தேன். இப்போது மளிகைச் சீட்டில் அரிசி, பருப்போடு நாப்கினும் எழுதுகிறேன். கடைக்காரர் கறுப்புப் பையில் சுற்றித் தருவார். "வேண்டாம் அண்ணா, இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது" என்று சொல்லி வாங்கி வருகிறேன். மகள் இப்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிறாள். எந்தத் தேதி என்று நாள்காட்டியில் நாங்கள் இருவரும் குறித்து வைத்திருக்கிறோம்.

டீச்சர், பையன்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். எனக்கு எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் அன்று அந்த வாசலில் நின்றிருக்கமாட்டேன்.

---

தாமரைக்குளம் | திங்கள், இரவு 8:02

நெசவாளன் அண்ணா, படித்து முடிக்க முடியாமல் இரண்டு முறை நிறுத்தினேன். உங்கள் மகள் கொடுத்து வைத்தவள்.

---

கரும்பலகை | திங்கள், இரவு 9:30

இருமகள்தாய் அம்மாவுக்கு. தெரியாதவர்கள் ஒதுங்கி இருக்கிறார்கள் என்பதை நான் என் ஊரில் பார்க்கவில்லை. தெரியாதவர்களைத்தான் எளிதில் ஏமாற்ற முடிகிறது. "ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது" என்று எவனாவது சொன்னால் அது பொய் என்று சொல்லத் தெரியாத பிள்ளை அவள். யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இந்தக் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை, பலரைத் தாமதிக்கவே வைக்கிறது என்பதுதான் அதில் வந்த முடிவு.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு உறைத்த ஒன்று இருக்கிறது. 'யாரோ ஒருவர்' என்றீர்கள். தாய்க்குச் சொல்லாமல் மகளுக்குச் சொல்லப் பார்த்தேன். அது தவறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கருத்தரிப்பு பற்றிய பாடம் வேண்டாம். இரத்தம் வரும், அது நோய் இல்லை, வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்தத் தொடுதல் தவறு என்பது போதும். மருத்துவரின் வாக்கியம் எட்டாம் வகுப்புக்கு மேல்.

இன்னொரு செய்தியையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அணைக்காடு என்ற ஊரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. முதல்முறை பூப்படைந்ததால் வீட்டுக்கு வெளியே குடிசையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து அங்கேயே இறந்துபோனாள். புயல் வருகிறது என்று ஊருக்கெல்லாம் தெரியும். அப்படியிருந்தும் அன்று இரவு அவள் வெளியேதான் இருந்தாள். சடங்கையும் மஞ்சள் நீரையும் நான் பழிக்கவில்லை. தாய்மாமன் சீர் கொண்டுவருவதிலும் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதிலும் அன்பு இருக்கிறது. தீட்டு என்ற சொல்லில்தான் அன்பு இல்லை.

---

யாழ்நங்கை | செவ்வாய், காலை 5:55

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ஆசிரியைதான். எங்கள் பக்கத்தில் பிள்ளை 'சாமத்தியப்பட்டுவிட்டாள்', 'பெரியபிள்ளை ஆகிவிட்டாள்' என்பார்கள். மண்டபம் எடுத்து, ஒளிப்படம் பிடித்து, ஊரைக் கூட்டிச் சாமத்தியச் சடங்கு செய்வார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் விமானம் ஏறி வருவார்கள். இத்தனை பேர் கூடுகிற அந்த நாளில் பிள்ளைக்கு உடம்பில் என்ன நடந்தது என்று ஒருவராவது சொல்லிக்கொடுப்பது அரிது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏன் என்று கேட்டேன், "இடுப்புக்குப் பலம்" என்றார் அம்மம்மா. அதோடு என் சுகாதாரக் கல்வி முடிந்தது.

இங்கே தரம் 6 தொடக்கம் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்று தனிப் பாடம் இருக்கிறது. பாடம் இருந்தும் அந்த அத்தியாயம் வந்தால் "வீட்டில் வாசியுங்கள்" என்று கடந்துபோகிற ஆசிரியர்கள் உண்டு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கடந்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் நன்றாகச் செய்கிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியை 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை, இலவசமாகப் போடுகிறார்கள். அந்த நாள் எனக்கு நல்வாய்ப்பு. பெற்றோரின் சம்மதப் படிவம் வாங்க வேண்டும், எனவே பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள், எனவே நான் கருப்பை என்ற சொல்லை உச்சரித்தே ஆக வேண்டும். ஊசியோடு சேர்த்துப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. உங்கள் பக்கத்தில் எப்படி?

---

மகப்பேறு மருத்துவர் | செவ்வாய், காலை 7:10

யாழ்நங்கை அவர்களே, நல்ல வழி. தமிழ்நாட்டில் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பெற்றோர் இதைப் "பாலியல் ஊசி" என்று நினைத்துப் பின்வாங்குவதுண்டு. வைரஸ் உடலில் சேர்வதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போலியோ சொட்டு மருந்தை நோய் வந்த பிறகா கொடுக்கிறோம்?

---

கல்லூரி முதலாண்டு | செவ்வாய், பிற்பகல் 2:15

நான் பன்னிரண்டு முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. மாணவி பக்கத்திலிருந்து சொல்கிறேன். "அந்த மூன்று நாளும் வராமல் இருக்கக் காரணம் சொல்லிக்கொடுங்கள்" என்று எழுதியவள் நான்தானோ என்று தோன்றியது.

எங்கள் பள்ளியில் கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை. கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாப்கினைப் போட இடம் கிடையாது. அதனால் காலை ஏழரைக்கு வைத்த நாப்கினோடு மாலை ஐந்தரை வரை உட்கார்ந்திருப்போம். கழிப்பறைக்குப் போகாமல் இருக்கத் தண்ணீர் குடிக்கமாட்டோம். பத்தாம் வகுப்பில் எனக்கு நீர்க்கடுப்பு மூன்று முறை வந்தது. அம்மா "உடம்புச் சூடு" என்று மோர் கொடுத்தார். சிறுநீர்த் தொற்று என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பெட்டி வைப்பது நல்லதுதான் டீச்சர். தாழ்ப்பாளும் வைத்துவிடுங்கள்.

கோவை மாவட்டத்தில் 2025 ஏப்ரலில் நடந்ததையும் மறக்க முடியவில்லை. தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி. பூப்படைந்திருந்தாள் என்று வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். அவள் அம்மா எடுத்த காணொளி எல்லாருக்கும் வந்தது. இனப்பெருக்கப் பாடத்தை நடத்துகிற பள்ளிக்கூடமே அந்தப் பிள்ளையை வாசலுக்கு வெளியே வைத்தது.

---

ஊர்ச்செவிலி | செவ்வாய், மாலை 6:40

கல்லூரித் தங்கை சொன்னதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் அரசின் புதுயுகம் திட்டம் 2012இல் வந்தபோது எங்களுக்கெல்லாம் பெரிய மகிழ்ச்சி. அதுவரை பழந்துணியைக் கட்டிலுக்கு அடியிலும் கதவிடுக்கிலும் மறைத்துக் காயவைத்தவர்கள் கைக்கு நாப்கின் வந்தது. இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6, அதாவது ஒரு மாதவிலக்குக்கு 9 நாப்கின். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்று நாங்களே சொல்கிறோம். நாளைக்கு நான்கு என்றால் ஐந்து நாளுக்கு இருபது வேண்டும். மீதிப் பதினொன்றை அவள் எங்கே போய் வாங்குவாள்? அக்காவும் தங்கையும் உள்ள வீட்டில் அம்மாவும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் ஒரே நாப்கினோடு பத்து மணி நேரம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 98.4 விழுக்காட்டினர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் முன்பு சொன்ன அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கேள்வி 'எதைப் பயன்படுத்துகிறாய்' என்பது. 'எத்தனை மணி நேரம்' என்பது அல்ல.

துணி பயன்படுத்துகிறவர்களைக் குறைத்துப் பேச வேண்டாம் டீச்சர். சுத்தமான பருத்தித் துணி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய்ந்தது என்றால் தவறே இல்லை. வெயிலில் போட வெட்கப்பட்டு இருட்டில் காயவைப்பதால்தான் தொற்று வருகிறது.

---

கரும்பலகை | புதன், இரவு 11:20

ஓர் உதவி அவசரமாக வேண்டும். இன்று பெட்டியில் இன்னொரு சீட்டு. அதை இங்கே எழுதமாட்டேன். வீட்டுக்கு வருகிற உறவினர் ஒருவர் தவறாகத் தொடுவதாக ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள். பெயர் இல்லை. "யாரிடமும் சொல்லாதீர்கள் டீச்சர்" என்று முடிந்திருக்கிறது. என்ன செய்ய?

---

வழக்குரைஞர் | புதன், இரவு 11:52

முதலில், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கையெழுத்தை வைத்து வகுப்பில் தேடாதீர்கள், மற்ற ஆசிரியர்களிடம் காட்டிக் கேட்காதீர்கள். நாளை எல்லா வகுப்பிலும் பொதுவாகப் பேசுங்கள். "யாராவது உன்னைத் தவறாகத் தொட்டால் அது உன் குற்றம் அல்ல, என்னிடம் வா, நான் நம்புவேன்" என்று சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையிலும் கழிப்பறைச் சுவரிலும் எழுதிவையுங்கள். பெயர் தெரியாத இந்த நிலையிலேயே நீங்களும் அந்த எண்ணில் பேசி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசனையைக் கேளுங்கள்.

அவள் வந்தால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. "உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், ஒவ்வொரு அடியையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன்" என்று சொல்லுங்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். காவல் நிலையத்துக்கு அவள் போக வேண்டியதில்லை. சீருடை அணியாத பெண் அதிகாரி, பிள்ளை விரும்பும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் பெற வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. அவள் பெயர் எங்கும் வெளிவரக்கூடாது.

---

இருமகள்தாய் | வியாழன், காலை 5:30

இரவெல்லாம் தூங்கவில்லை. அந்தப் பிள்ளை வீட்டில் அவள் அம்மா இருப்பார். என்னைப் போல ஒருவர். அம்மாவிடம் சொல்ல முடியாமல்தானே ஓர் அட்டைப்பெட்டியிடம் சொல்லியிருக்கிறாள். என் மகள் என்னிடம் சொல்வாளா என்று யோசித்தேன். சொல்லமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. நான் எப்போதும் "சும்மா இரு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்புக்குக் கருத்தரிப்பு வேண்டாம் என்பதில் இப்போதும் மாறவில்லை. ஆனால் டீச்சர், எங்களைப் போன்ற தாய்களுக்கு யார் சொல்லித் தருவார்கள்? சின்னவளிடம் நாளைக்குப் பேச வேண்டும் என்றால் எனக்கு முதல் வார்த்தையே வரவில்லை.

---

நெசவாளன் | வியாழன், காலை 6:45

அம்மா, நான் மகளிடம் தொடங்கியது சமையலறையில். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துப் பேச இருவருக்கும் கூச்சம், கை வேலையாக இருந்தால் வாய் எளிதாகத் திறக்கிறது. "உன் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், அவளுக்குப் பதிலாக நான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தேன். உங்களுக்கு அது தேவையில்லை. "எனக்கு முதல்முறை வந்தபோது" என்று உங்கள் கதையிலிருந்தே ஆரம்பியுங்கள்.

---

கரும்பலகை | சனி, இரவு 8:15

அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை மாலை வந்தாள். வழக்குரைஞர் சொன்னபடி செய்தேன். இப்போது அவள் பாதுகாப்பாக இருக்கிறாள். அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம்.

இன்று பிற்பகல் தொடக்கப் பள்ளியில் தாய்மார் கூட்டம் வைத்தோம். பதினைந்து பேர் வருவார்கள் என்று நினைத்துப் பாய் விரித்தோம், இடம் போதாமல் வராந்தாவிலும் உட்கார்ந்தார்கள். எங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியர் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்போகிறோம் என்று ஒவ்வொரு வாக்கியமாக வாசித்துக் காட்டினேன். இரண்டு வாக்கியத்தைத் தாய்மார்களே மாற்றினார்கள். 'மாதவிடாய்' என்று நான் எழுதியிருந்ததைப் பிள்ளைகளுக்குப் புரியாது என்றார் ஒருவர். பிறகு 'தூரம்' என்று சொல்லலாமா என்ற பேச்சு வந்தது. ஒரு பாட்டி எழுந்து, "தூரம் என்று சொல்லித்தான் எங்களைத் தூரமாக வைத்தார்கள். வேறு பேர் வையுங்கள்" என்றார். கடைசியில் 'மாத உதிரம்' என்று எழுதினோம்.

கேள்வி நேரத்தில் மகள்களைப் பற்றி மூன்றே கேள்விகள்தான் வந்தன. மற்றவை எல்லாம் அவர்களைப் பற்றியவை. முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், ஒவ்வொரு மாதமும் பத்து நாள், மணிக்கு ஒரு துணி நனைகிறது, இது எல்லாருக்கும் அப்படித்தானே என்று கேட்டார். செவிலியர் அவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்தார். ஏழு நாளுக்கு மேல் போவதும், மணிக்கு ஒருமுறை நனைவதும் இயல்பு இல்லை என்று அவருக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. திங்கட்கிழமை காலை அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டுத் தாழ்ப்பாள் நான்கு வாங்கியாகிவிட்டது. தண்ணீர்க் குழாய்க்கு மனு கொடுத்திருக்கிறேன். மூடியுள்ள குப்பைத் தொட்டி இரண்டு, கழிப்பறைக்குள்ளேயே. ஐந்து நாப்கின்களை அவசரத்துக்கு என்று பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். முதல் நாளே தீர்ந்துவிட்டன. ஆசிரியைகள் நாங்கள் ஆறு பேர் மாதம் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

அந்த 15 வயதுப் பிள்ளைக்குப் பதில் வாசித்த அன்று, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் பையைச் சரிசெய்வதுபோல நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. "டீச்சர், மருத்துவமனைக்கு அம்மாவோடுதான் வர வேண்டுமா?" என்றாள்.

"நான் கூட வருகிறேன்" என்றேன்.

---

இருமகள்தாய் | ஞாயிறு, காலை 9:05

எங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் வைக்க யாரிடம் கேட்க வேண்டும்?

---

ஊர்ச்செவிலி | ஞாயிறு, காலை 9:20

உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேளுங்கள் அம்மா. எந்த ஊர் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். அவருடைய எண்ணை வாங்கித் தருகிறேன்.